ஒரே மேசையும் பறிபோன காணியும்: தென்னாபிரிக்கத் திருச்சபைகள் தரும் பாடம்

ஒப்புரவு என்ற சொல்லை இடம்பெயர்ந்த எமது மக்கள் அடிக்கடி கேட்கின்றார்கள். கருத்தரங்குகளிலும், திருவிழா மறையுரைகளிலும், அரச வைபவங்களிலும் அது பேசப்படுகின்றது. கேட்கும் விவசாயியின் மனதிலோ வேறொரு கேள்வி எழுகின்றது. "ஒப்புரவாகுங்கள் என்கின்றார்கள், அப்படியானால் எமது காணியை மறந்துவிடு என்று சொல்கின்றார்களா?" இந்தக் கேள்வி நியாயமானது. இதற்கு நேர்மையான பதில் சொல்லாமல் ஒப்புரவு பற்றிப் பேசுவதில் பயனில்லை.

பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வருபவன், தன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவுற்றால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு உறவைச் சரிசெய்யவேண்டும் என ஆண்டவர் மலைப்பொழிவில் கூறுகின்றார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எழுந்து போகும்படி கேட்கப்படுபவன் மனத்தாங்கலுக்குக் காரணமானவன். பாதிக்கப்பட்டவன் தன் வேதனையை விழுங்கிக்கொண்டு பேசாமல் இருக்கவேண்டும் என்று அங்கே சொல்லப்படவில்லை.

இந்த உண்மையை விளங்கிக்கொள்ளத் தென்னாபிரிக்காவின் வரலாறு எமக்கு உதவும். ஒரே விவிலியத்தை வாசித்து, ஒரே ஞானஸ்நானம் பெற்ற மக்கள் நிறத்தின் பெயரால் பிரிந்து, பின்னர் ஒன்றுசேர முயன்ற வரலாறு அது. எமது நாட்டுக்கும் அதற்கும் தொடர்புண்டு. 1652இல் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் அமைத்த அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிதான் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. கத்தோலிக்கர் மறைந்து செபிக்க வேண்டியிருந்த அக்காலத்திலேதான், 1687இல், புனித யோசேவ் வாஸ் அடிகளார் எமது மண்ணில் இரகசியமாக வந்திறங்கினார். இலங்கையிலிருந்தும் தென்னிந்தியக் கரைகளிலிருந்தும் அடிமைகளாக நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. அங்கே பின்னர் "கலப்பினத்தவர்" என்று ஒதுக்கப்பட்ட மக்களின் முன்னோரில் இவர்களும் அடங்குவர்.

மேசை பிரிந்த விதம்

கம்பனியோடு சென்ற ஒல்லாந்த சீர்திருத்தத் திருச்சபை தென்னாபிரிக்காவில் வேரூன்றியது. 1829இல் அதன் மாமன்றம் ஒரு நல்ல தீர்மானத்தை எடுத்தது. நிறமோ பிறப்போ பாராமல் எல்லோருக்கும் ஆண்டவரின் திருவிருந்து ஒன்றாகவே வழங்கப்பட வேண்டும் என்பதே அது. ஆனால் வெள்ளை விவசாயிகளுள் சிலருக்கு, தம் பண்ணையில் வேலை செய்பவனோடு ஒரே கிண்ணத்தில் பருக மனமிருக்கவில்லை.

1857இல் மாமன்றம் மீண்டும் கூடியது. எல்லோரும் ஒரே சபையில் சேர்வதே விரும்பத்தக்கது, அதுவே வேதத்துக்கும் ஏற்றது என்று அது ஒத்துக்கொண்டது. ஆயினும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, புதிதாக மனந்திரும்பிய மக்களுக்குத் தனிக் கட்டடத்தில் வழிபாடு நடத்தலாம் என்று அனுமதி வழங்கியது. சரியானது எது என்று தெரிந்திருந்தும், சிலரைச் சங்கடப்படுத்த விரும்பாமல் ஒரு விதிவிலக்கு அளிக்கப்பட்டது. அந்த விதிவிலக்கே பின்னர் விதியாயிற்று. 1881இல் கலப்பினத்தவருக்கென்று தனித் திருச்சபை உருவாக்கப்பட்டது. பின்னர் கறுப்பின மக்களுக்கு வேறொன்றும், இந்திய வழியினருக்கு இன்னொன்றும் தோன்றின. அந்த இந்திய வழியினரில் 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரின் பிள்ளைகளும் அடங்குவர்.

இப்படியாக, நாட்டின் சட்டங்கள் முழுமையாக மக்களைப் பிரிப்பதற்கு வெகுகாலம் முன்னரே ஆலயம் அவர்களைப் பிரித்துவிட்டது. 1948இல் நிறவெறிக் கொள்கையோடு ஆட்சிக்கு வந்தவர்களுக்கு இது நல்லதொரு முன்மாதிரியாக அமைந்தது. "ஆண்டவரின் சந்நிதியிலேயே தனித்தனி என்றால் ஊரில் ஏன் சேர்ந்திருக்க வேண்டும்?" என்று அவர்கள் கேட்க முடிந்தது.

ஆலயத்திலிருந்து காணிக்கு

பிரிவினை ஆலயத்தோடு நின்றுவிடவில்லை. 1913இல் நிறைவேற்றப்பட்ட காணிச் சட்டம், மக்கள் தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினராயிருந்த கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் சுமார் 7 வீதத்தையே ஒதுக்கியது. அதற்கு வெளியே அவர்கள் காணி வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ முடியாது. 1936இல் இது ஏறக்குறைய 13 வீதமாக உயர்த்தப்பட்டது. வெள்ளையரின் பண்ணைகளில் வாரத்துக்குப் பயிர்செய்து, சொந்த மாடும் ஆடும் வைத்திருந்த குடும்பங்கள் தம் மந்தைகளோடு தெருவுக்கு வந்தன.

அவ்வேளை அம்மக்கள் மத்தியில் சென்று பார்த்தவர் சொல் பிளாட்ஜி என்ற கிறிஸ்தவப் பத்திரிகையாளர். அவர் எழுதிவைத்த ஒரு நிகழ்வை எமது மக்கள் நன்கு விளங்கிக்கொள்வார்கள். பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கடுங்குளிரில் நடந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தின் குழந்தை வழியிலே இறந்துவிட்டது. பெற்றோருக்கு அதைப் புதைக்க ஒரு சாண் நிலமும் சொந்தமாக இல்லை. இருள் வரும்வரை காத்திருந்து, காணிக்காரன் காணாமல், பிறர் நிலத்தில் களவாக அந்தப் பிள்ளையை அடக்கம் செய்தார்கள்.

1950இல் குழுப் பிரதேசச் சட்டம் வந்தது. நகரங்களிலும் யார் எங்கே வாழலாம் என்று நிறத்தை வைத்தே வரையறுக்கப்பட்டது. 1960 முதல் 1983 வரையான காலப்பகுதியில் மாத்திரம் சுமார் 35 இலட்சம் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள் என ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர்.

அவர்களுள் மொகோபா கிராம மக்களும் இருந்தார்கள். விலைகொடுத்து வாங்கி, உறுதி வைத்திருந்த காணியில் பயிர்செய்த விவசாயிகள் அவர்கள். கல்வீடுகளும் பள்ளிக்கூடமும் ஆலயங்களும் கட்டியிருந்தார்கள். வெள்ளையர் பிரதேசத்தின் நடுவே கறுப்பர் வாழ்ந்தபடியால் அரசு அந்தக் கிராமத்தைக் "கறுப்புப் புள்ளி" என்று அழைத்தது. 1983இல் பள்ளிக்கூடமும் ஆலயங்களும் இடிக்கப்பட்டன. மக்கள் அசையவில்லை. வெளியேறுமாறு குறிக்கப்பட்ட நாளில், டெஸ்மன் டுட்டு உட்படப் பல சபைகளைச் சேர்ந்த குருக்களும் விசுவாசிகளும் அங்கே சென்று இரவு முழுவதும் மக்களோடு விழித்திருந்து செபித்தார்கள். அந்த இரவில் வயோதிபர் ஒருவர், தங்களை அன்புசெய்வதற்காகக் கடவுளுக்கு நன்றி கூறிச் செபித்ததை டுட்டு அவர்கள் பின்னர் பல இடங்களில் வியப்போடு சொல்லியிருக்கின்றார்.

அன்று லொறிகள் வரவில்லை. சாட்சிகள் யாரும் இல்லாத வேளையில், 1984 பெப்ரவரி 14ஆம் திகதி விடியுமுன், ஆயுதம் தாங்கிய பொலிசாரோடு வந்து மக்களை ஏற்றிச் சென்றார்கள். மாடுகளை அயலிலிருந்த வெள்ளை விவசாயிகளுக்கு அற்ப விலைக்கு விற்கவேண்டியதாயிற்று. இந்த வெளியேற்றம் சட்டவிரோதமானது என 1985இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசோ உடனே காணியைச் சுவீகரித்துக்கொண்டது. ஆனாலும் மக்கள் விடவில்லை. முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவு செய்யவென்று திரும்பிச் சென்று, அங்கேயே தங்கிவிட்டார்கள். நிறவெறி ஆட்சி முடிவடைந்த காலத்தில் காணி அவர்களுக்கே திரும்பக் கிடைத்தது.

மறுத்து நின்றவர்கள்

இவ்வளவும் நடக்கையில் கிறிஸ்தவர் எல்லோரும் மௌனமாக இருந்தார்கள் என்று சொல்லமுடியாது. பெயேர்ஸ் நௌடே ஒல்லாந்த சீர்திருத்தத் திருச்சபையின் உயர்ந்த பொறுப்பிலிருந்த வெள்ளைப் போதகர். 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில் என்னுமிடத்தில் பொலிசார் சுட்டு 69 பேர் மடிந்தனர். அதன்பின் அவரால் பேசாமல் இருக்க இயலவில்லை. 1963இல் எல்லா இனத்துக் கிறிஸ்தவரையும் ஒன்றுசேர்க்கும் கிறிஸ்தவ நிறுவகத்தைத் தொடங்கினார். அதற்காகத் தன் பங்கை விட்டு விலகினார். சொந்த இனத்தவர் அவரைத் துரோகி என்றார்கள். 1977 முதல் 1984 வரை அரசு அவர்மேல் தடையுத்தரவு விதித்திருந்தது. ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேற்பட்டவரைச் சந்திக்கவும் அவருக்கு அனுமதி இருக்கவில்லை. அந்தத் தடைக்காலத்திலேயே அவர் கறுப்பின மக்களின் சபையில் உறுப்பினராகச் சேர்ந்துகொண்டார்.

கத்தோலிக்கத் திருச்சபையும் இப்பாவத்திலிருந்து விலகி நிற்கவில்லை என்பதை நாம் மறைக்கக்கூடாது. 1957இல் தென்னாபிரிக்க ஆயர்கள் நிறவெறிக் கொள்கை தன்னியல்பிலேயே தீயது என்று அறிக்கை விட்டார்கள். அதே அறிக்கையில், தமது பாடசாலைகளிலும் குருமடங்களிலும் கன்னியர் மடங்களிலும் மருத்துவமனைகளிலும் பிரிவினை நடைமுறையில் இருப்பதையும் ஒத்துக்கொண்டார்கள். அறிக்கைக்கும் வாழ்வுக்கும் இடையில் இருந்த தூரம் உடனே குறையவில்லை. 1970இல் கறுப்பினக் குருக்கள் ஐவர் தம் திருச்சபை தம்மைக் கைவிட்டுவிட்டது என்று பகிரங்கமாக எழுதினார்கள். 1976-77இல் கத்தோலிக்கப் பாடசாலைகள் பல சட்டத்தை மீறி எல்லா இனப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்தன. இதில் துறவறச் சகோதரிகள் முன்னணியில் நின்றார்கள்.

பெல்ஹார் அறிக்கை

1982 ஓகஸ்டில் உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் பேரவை கனடாவின் ஒட்டாவா நகரில் கூடியது. திருவிருந்து வேளையில், தென்னாபிரிக்காவின் ஒடுக்கப்பட்ட சபைகளிலிருந்து வந்த பிரதிநிதிகள் சிலர் பங்குபெற மறுத்துவிட்டார்கள். சொந்த நாட்டில் தம்மோடு ஒரே மேசையில் அமராதவர்களோடு வெளிநாட்டில் மாத்திரம் எப்படி அமர்வது என்பது அவர்களது கேள்வி. 125 ஆண்டுகளுக்கு முன் பிரிக்கப்பட்ட மேசையின் காயம் உலகத்தின் முன் அப்பொழுது வெளியானது. நிறவெறியை இறையியல் கொண்டு நியாயப்படுத்துவது தப்பறை என்று பேரவை அறிவித்தது. வெள்ளையரின் இரு திருச்சபைகளின் உறுப்புரிமை இடைநிறுத்தப்பட்டது. அலன் பூசாக் என்ற கலப்பினப் போதகர் பேரவையின் தலைவராகத் தெரிவானார்.

அதே ஆண்டில் கலப்பினத்தவரின் திருச்சபை கேப் டவுனுக்கு அருகே பெல்ஹார் என்னும் குடியிருப்பில் கூடி ஒரு விசுவாச அறிக்கையை வரைந்தது. 1986இல் அதை ஏற்றுக்கொண்டது. ஒற்றுமை, ஒப்புரவு, நீதி ஆகிய மூன்றையும் அது ஒன்றோடொன்று பிணைக்கின்றது. வறியோர், அநீதிக்குள்ளானோர் பக்கம் கடவுள் விசேடமாக நிற்கின்றார், அவர் நிற்கும் இடத்தில் திருச்சபையும் நிற்கவேண்டும் என்பது அதன் சாரம். தாம் எதிர்ப்பது பிழையான போதனையையே அன்றி ஆட்களை அல்ல என்று அதனுடன் சேர்த்து விட்ட கடிதத்தில் விளக்கினார்கள். ஒதுக்கப்பட்டவர்கள், ஒதுக்கியவர்களை நோக்கிக் கைநீட்டி எழுதிய அறிக்கை இது.

மன்னிப்பும் மீளளிப்பும்

1985இல் வெளியான கைரோஸ் ஆவணம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. அநீதி தொடர்ந்துகொண்டிருக்கையில் இரு பக்கமும் சமாதானமாகப் போங்கள் என்று போதிப்பது கிறிஸ்தவ ஒப்புரவு ஆகாது, அது அநீதிக்குத் துணைபோவதாகும் என்றது.

1990 நவம்பரில் றஸ்ரன்பேர்க் நகரில் பல திருச்சபைகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். அங்கே வில்லி யொங்கர் என்ற வெள்ளை இறையியல் பேராசிரியர் எழுந்து, தன் பெயராலும் தன் திருச்சபையின் பெயராலும் நிறவெறிக் குற்றத்தை அறிக்கையிட்டார். பேராயர் டுட்டு எழுந்து, அவ்வறிக்கையை ஏற்று மன்னிப்பதாகக் கூறினார். பலர் கண்ணீர் விட்டார்கள். ஆனால் கறுப்பினப் பிரதிநிதிகளுள் சிலர், "எமக்காக இவ்வளவு விரைவில் மன்னிக்க யாருக்கு உரிமை? எமது காணி இன்னும் அவர்களிடம்தானே இருக்கின்றது?" என்ற மனத்தாங்கலோடு இருந்தார்கள். அந்த மாநாட்டின் இறுதி அறிக்கை அவர்களது குரலையும் உள்வாங்கிக்கொண்டது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காத பாவஅறிக்கை முழுமையற்றது என்று அது தெளிவாகக் கூறியது. சக்கேயு தான் ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்ன பின்னரே அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததென்று ஆண்டவர் அறிவித்ததை நாம் இங்கே நினைவுகூரலாம்.

1994இல் நாட்டில் ஆட்சி மாறியது. கலப்பினத்தவரின் திருச்சபையும் கறுப்பினத்தவரின் திருச்சபையும் அவ்வாண்டு ஏப்ரலில் ஒன்றாக இணைந்தன. அதே ஆண்டில் காணி உரிமை மீளளிப்புச் சட்டம் வந்தது. 1913 யூன் 19இன் பின்னர் இனப்பாகுபாட்டுச் சட்டங்களால் காணி இழந்தவர்கள் கோரிக்கை சமர்ப்பிக்கலாம் என்றது அது. 1998 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 கோரிக்கைகள் வந்து குவிந்தன. 1997 நவம்பரில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் முன் திருச்சபைகளும் வந்து தம் பங்கை அறிக்கையிட்டன. 1998இல் ஒல்லாந்த சீர்திருத்தத் திருச்சபை நிறவெறி அடிப்படையிலேயே பாவம் என்று ஏற்றுக்கொண்டது.

எல்லாம் நிறைவாக முடிந்தன என்று எழுதினால் அது உண்மையாகாது. வெள்ளையரின் திருச்சபை இன்னும் அந்த இணைந்த திருச்சபையோடு ஒன்றாகவில்லை. காணிக் கோரிக்கைகள் பல ஆண்டுகள் இழுபட்டன. கோரியவர்களுள் பலர் காணியின்றிக் காசையே பெற்றார்கள். ஆணைக்குழு சிபாரிசு செய்த நிவாரணத்துக்குப் பதிலாக, 2003இல் அரசு ஒரே தடவையாக 30,000 ராண்ட் கொடுத்தது. மன்னிப்பு என்ற சொல் விரைவாக வந்தது. காணி மெதுவாக வந்தது, பலருக்கு வரவே இல்லை. அந்த நாட்டில் ஒப்புரவு நொண்டுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

முதலாவது, மேசையிலிருந்து தொடங்க வேண்டும். ஆலயத்தில் சாதி பார்த்து இடம் ஒதுக்கிய வழக்கம் எமது மண்ணிலும் இருந்தது. முகாமில் ஒரே குழாயில் தண்ணீர் எடுத்த பின்னர், ஊருக்குத் திரும்பியதும் பழைய வேலியை மீண்டும் அடைப்பது முறையல்ல. "சிலருடைய பலவீனம்" என்று விட்டுக்கொடுத்த சிறு விடயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1857 எமக்குக் காட்டுகின்றது.

இரண்டாவது, மன்னிப்பு பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் கொடை. அதை எவரும் அவசரப்படுத்திக் கேட்கமுடியாது. அவருக்காக இன்னொருவர் கொடுக்கவும் முடியாது. உங்களுக்கு இன்னும் மனம் ஆறவில்லையென்றால் விசுவாசம் குறைந்துவிட்டதென்று எண்ணவேண்டாம். வெறுப்பை வளர்க்காமல் உண்மையைச் சொல்லிக்கொண்டிருப்பதும் செபமே.

மூன்றாவது, காணியைக் கேட்பது ஒப்புரவுக்கு எதிரானதல்ல, அதன் ஒரு பகுதி. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரின் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோதும், ஒரு பகுதி இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. ஆகவே ஆதாரங்களைப் பேணுங்கள். தென்னாபிரிக்கச் சட்டம், காணி பறிபோன விதம் பற்றி முதியோர் தாம் கேட்டறிந்ததாகச் சொல்லும் சாட்சியத்தையும் ஏற்க இடமளித்தது. உறுதி தொலைந்துவிட்டதென்று சோர்ந்துவிடாமல், காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லைக்காரர், கிணறு, பயன்தரு மரங்கள் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு இப்பொழுதே எழுதிவையுங்கள். பங்கின் ஞானஸ்நான, திருமண, மரணப் பதிவேடுகளும் நீங்கள் அவ்வூரில் வாழ்ந்ததற்குச் சான்றாக உதவக்கூடும்.

நான்காவது, பிறருடைய இழப்பையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கும் வயலும் கிணறும் பள்ளிவாசலும் இருந்தன. எமது காணியைக் கேட்கும் அதே வாய் அவர்களது காணிக்காகவும் பேசினால்தான் எமது நியாயம் முழுமைபெறும்.

ஐந்தாவது, சிங்களக் கத்தோலிக்கரும் நாமும் ஆண்டுதோறும் மடுமாதாவின் சந்நிதியில் ஒன்றாக முழந்தாளிடுகின்றோம். ஒரே மேசை எமக்கு உண்டு. அது பெரும் வரம். 1999 நவம்பரில் அதே ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த இடம்பெயர்ந்த மக்கள் எறிகணை வீழ்ந்து மாண்டதை அங்கு வரும் தெற்குச் சகோதரர் எத்தனை பேர் அறிவர்? திருவிழா முடிந்து பஸ் ஏறுமுன் ஒரு மணிநேரம் ஒருவருக்கொருவர் கதை கேட்க வசதி செய்தால், அது பல கருத்தரங்குகளிலும் மேலானது. அதற்கு இருமொழி தெரிந்த இளைஞரே பாலமாக அமைய முடியும்.

ஆகவே, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு எமது பதில் இதுதான்: ஒப்புரவாகுங்கள் என்பது காணியை மறந்துவிடுங்கள் என்பதல்ல. அப்படிச் சொல்லும் ஒப்புரவு, வரம்பு வெட்டாமல் விதைத்த வயலைப் போன்றது. முதல் வெள்ளத்துக்கே அது நிற்காது.

குழுக்களில் கலந்துரையாட:

1. எமது பங்கில், எமது சங்கத்தில் யார் இன்னும் மேசைக்கு வெளியே நிற்கின்றார்கள்?

2. மொகோபா மக்கள் கல்லறைகளைத் துப்புரவு செய்யச் சென்று காணியை மீட்டார்கள். எமது ஊரோடு தொடர்பு அறுந்துபோகாமல் இருக்க நாம் சேர்ந்து என்ன செய்யலாம்?

3. அடுத்த கூட்டத்துக்கு முன் எமது குழுவில் எத்தனை குடும்பங்களின் காணி விபரங்களை எழுதி முடிக்கலாம்? யார் எழுதுவது, யாரிடம் கேட்பது?